உலோகப் பட்டியின் இறுகிய கண்ணிகள்



கையிலே கட்டும் மணிக்கூட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் உள்ளே ஓடும் பொறியைப் பற்றியே பேசுவர். நேரம் முந்துகிறதா, பிந்துகிறதா, கண்ணாடியிலே கீறல் விழுந்துள்ளதா என்று பார்ப்பர். அப்பொறியைக் கையோடு பிணைத்து வைத்திருக்கும் பட்டியை, அது கழன்று மணிக்கூடு நிலத்தில் விழும் நாள்வரை எவரும் நினைப்பதில்லை. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அந்தப் பட்டியே. அதிலும், புதிதாக வாங்கிய உருக்குப் பட்டியிலே சில கண்ணிகள் மடங்க மறுத்து விறைத்து நிற்பது ஏன், அவற்றை இளகச் செய்வது எங்ஙனம் என்பதே இப்பேச்சு. சிறிய விடயந்தான். ஆயினும் சிறிய விடயமென்று விட்டுவிட்டதனால் நல்ல மணிக்கூடுகளை இழந்தோர் பலர் உளர்.

நமது நாட்டு வெப்பத்திலும் வியர்வையிலும் தோற்பட்டி நெடுநாள் நிலைப்பதில்லை. வியர்வையின் உப்பு தோலிலே ஊறி, அது நாற்றமெடுத்து, தையல் விட்டு, ஈற்றில் வெடித்துப் போகின்றது. ஆதலால் நம்மிற் பலர் உலோகப் பட்டியையே நாடுகின்றோம். கடைகளிலே அதனைச் 'செயின்' என்றே கேட்டு வாங்குவர். இன்று விற்கப்படும் அத்தகைய பட்டிகளிற் பெரும்பாலானவை கறையில்லா உருக்கினால் ஆனவை. இங்கிலாந்தின் செவீல்ட் நகரிலே ஹரி பிறியர்லி என்பவர் 1913 ஆம் ஆண்டிலே உருக்குடன் குரோமியத்தைக் கலந்து வார்த்தெடுத்த உலோகத்தின் வழிவந்ததே அது. துருப்பிடியாத அதன் குணம் குரோமியத்தினால் வருவது. குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடி, கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படலமொன்றை உலோகத்தின் மேலே போர்த்தி விடுகின்றது. மனித மயிரின் தடிப்பிலே பல்லாயிரத்தில் ஒரு பங்கே அப்படலத்தின் தடிப்பு. கீறல் பட்டாலும் காற்றிருக்கும் இடத்தில் அது தானாகவே மீண்டும் உண்டாகும். அப்படலத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அதனிடம் திரும்பி வருவோம்.

முதலிலே பட்டியின் அமைப்பைப் பார்ப்போம். வீட்டுக் கதவின் பிணைச்சலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு தகடுகள், அவற்றை ஊடுருவிச் செல்லும் ஓர் ஆணி. ஒரு தகட்டிலே ஆணி அசையாது நிற்க, மற்றத் தகடு அதனைச் சுற்றித் திரும்புகின்றது. மணிக்கூட்டுப் பட்டியும் இப்படிப்பட்ட சிறு பிணைச்சல்கள் பல வரிசையாகக் கோத்த ஒரு தொடரே. ஒரு கண்ணியின் இரு காதுகளுக்கு இடையே அடுத்த கண்ணியின் நடுப்பகுதி நுழைந்து நிற்கும். மூன்றையும் துளைத்துக்கொண்டு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஆணியொன்று குறுக்கே செல்லும். விலை குறைந்த பட்டிகளிலும் நடுத்தர விலைப் பட்டிகளிலும் இவ்வாணியின் ஒரு முனை பிளந்து சற்றே விரிந்திருக்கும். அந்த விரிவே வெளிக்காதின் துளையை உள்ளிருந்து நெருக்கி, ஆணி நழுவாதபடி பிடித்துக்கொள்கின்றது.

பட்டியின் நன்மை தீமை முழுவதும் இவ்விடத்திலேதான் அடங்கியிருக்கின்றது. வெளிக்காதுகளிலே ஆணி இறுக்கமாக இருத்தல் வேண்டும். நடுக்கண்ணியிலே தளர்ச்சியாக இருத்தல் வேண்டும். இறுக வேண்டிய இடத்தில் இறுகி, இளக வேண்டிய இடத்தில் இளகி நின்றால் பட்டி பல்லாண்டு உழைக்கும். கண்ணி விறைத்து நிற்கின்றது என்றால், பெரும்பாலும் இம்முறை தலைகீழாகிவிட்டது என்பதே பொருள். நடுக்கண்ணி ஆணியை இறுகப் பற்றிக்கொள்கின்றது. கையை மடக்கும்போதும் நீட்டும்போதும் பட்டி வளைந்தே ஆக வேண்டும் அல்லவா? நடுக்கண்ணி ஆணியைச் சுற்றித் திரும்பாவிடில், ஆணியையும் சேர்த்துத் திருப்பிவிடும். அசையாது நிற்கவேண்டிய வெளிக்காதின் துளைக்குள்ளே ஆணி ஒவ்வொரு நாளும் பல நூறு முறை உரசித் திரும்பும். அதன் பிடி தேய்கின்றது. ஒரு நாள் ஆணியின் முனை பக்கத்திலே எட்டிப் பார்க்கின்றது. மற்றொரு நாள் அது முழுவதும் வெளியேறிவிடுகின்றது.

இறுகிய கண்ணி உறுதியான கண்ணி என்று எண்ணுவோர் உண்டு. நான் அறிந்த ஆசிரியர் ஒருவர் ஓய்வுபெற்ற வேளையில் பழைய மாணவர் சேர்ந்து அவருக்கு ஒரு மணிக்கூடு அளித்தனர். பட்டி நீளமாக இருந்தமையால் கடையொன்றிலே இரண்டு கண்ணிகளைக் கழற்றுவித்தார். அன்று தொட்டுப் பூட்டுக்கு அடுத்த கண்ணி மடங்கவில்லை. நன்றாக இறுக்கித் தந்திருக்கிறார்கள் என்று அவர் மகிழ்ந்தார். சில மாதங்களின் பின் சட்டைக்கையிலே நூல் இழுபடுவதைக் கண்டார். ஆணியின் முனையே அதற்குக் காரணமென்று அவருக்குத் தோன்றவில்லை. பேருந்திலிருந்து இறங்கி வீடு சென்று பார்த்தபோது கையிலே மணிக்கூடு இல்லை. அதன் விலை பெரிதன்று. அதன் பின்புறத்திலே பொறித்திருந்த மாணவர் வாசகத்துக்கு விலையேது?

எனவே புதுப் பட்டி கைக்கு வந்ததும் அதனைப் பரிசோதித்துப் பார்த்தல் நன்று. பட்டியின் பூட்டைத் திறந்து, சுட்டுவிரலின் மேலே அதனைத் தொங்கவிட்டு, சிறிது சிறிதாக நகர்த்துங்கள். நல்ல கண்ணிகள் தம் பாரத்தாலேயே விரலின் வளைவுக்கு இணங்கி விழும். இறுகிய கண்ணி அங்ஙனம் விழாது, கூன் விழுந்த முதுகுபோல் நிமிர்ந்து நிற்கும். அக்கண்ணியின் உட்புறத்திலே மைப்பேனையால் ஒரு புள்ளியிட்டுக் கொள்ளுங்கள். ஒன்று கவனிக்க வேண்டும். சில பட்டிகள் உட்புறமாக மட்டுமே மடங்கும்படி செய்யப்பட்டவை. அவற்றை வெளிப்புறமாக வளைக்க முயன்று, வளையவில்லையே என்று குறை கூறுதல் தகாது. எல்லாக் கண்ணிகளும் ஒரே அளவாக மடங்குகின்றனவா என்பதே கேள்வி.

பரிசோதனையிலே தெரியவருவது மூன்று வகைப்படும். எல்லாக் கண்ணிகளும் ஒரே சீராகச் சிறிது விறைப்பாக இருந்தால் அது புதுமையின் விறைப்பு, அஞ்ச வேண்டியதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கண்ணிகள் மட்டும் இறுகியிருந்தால் பெரும்பாலும் அழுக்கோ பிசிறோ காரணம். கடையிலே கழற்றிப் பூட்டிய இடத்துக் கண்ணி மட்டும் இறுகியிருந்தால், பூட்டியவரின் கையே காரணம். இம்மூன்றையும் பிரித்தறியாமல் எண்ணெய்ச் சீசாவைத் தேடி ஓடுவதுதான் நம்மவரின் வழக்கம்.

அழுக்கு என்றேன். புதிய பட்டியிலே அழுக்கு ஏது என்று நேயர்கள் கேட்கலாம். உருக்குக் கண்ணிகளுக்குப் பளபளப்பு ஊட்டுவது சுழலும் துணிச்சில்லிலே மெழுகும் நுண்பொடியும் கலந்த ஒரு கட்டியைத் தடவி, அதன்மேலே கண்ணிகளை அழுத்தித் தேய்ப்பதனாலாகும். அப்பொழுது மெழுகும் பொடியும் உருக்குத் துகளும் ஒன்றாகிக் கண்ணிகளின் இடுக்குகளிலே புகுந்து உறைந்து விடும். நல்ல தொழிற்சாலைகள் இதனைக் கழுவி அகற்றிய பின்னரே பட்டியை வெளியே அனுப்பும். மலிவான பட்டிகளுக்கு அத்தனை சிரத்தை கிடைப்பதில்லை. இறுகிய கண்ணியைச் சுடுநீரிலே அசைத்தால் கரிய சாறொன்று கசிவதைக் காணலாம், அதுவே இது.

ஆகையால் முதல் மருந்து கழுவுதலே. கூடுமாயின் மணிக்கூட்டிலிருந்து பட்டியைத் தனியே கழற்றிக்கொள்ளுதல் நல்லது. இரு அந்தங்களிலும் அதனைப் பிடித்திருப்பவை சிறு சுருள்வில் ஆணிகள். அவை கைதவறினால் துள்ளிப் பறந்து மறைந்துவிடும். பழக்கமில்லாதவர்கள் கடையிலே கழற்றுவித்தல் உத்தமம். கழற்ற இயலாதாயின், மணிக்கூட்டைக் கோப்பையின் விளிம்புக்கு வெளியே வைத்துப் பட்டியை மட்டும் நீரிலே தாழ்த்தலாம். மணிக்கூட்டின் முதுகிலே 30 மீற்றர் நீர்புகா என்று பொறித்திருப்பதை நம்பி முழுவதையும் அமிழ்த்தி விடாதீர்கள். அவ்வெழுத்து மழைத்துளியையும் கை கழுவும் நீரையும் தாங்கும் என்பதற்கு மேலாக வேறொன்றையும் உறுதி செய்வதன்று. சவர்க்காரம் கலந்த வெந்நீரைப் பற்றி அது பேசவேயில்லை.

கை பொறுக்கும் சூடுள்ள நீரிலே பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம் சில துளிகள் விட்டு, பட்டியை அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பின்னர் மென்மையான பற்தூரிகையால் கண்ணிகளின் இடுக்குகளைத் தேயுங்கள். உட்புறத்தையே முக்கியமாகத் தேய்க்க வேண்டும். நீருக்குள்ளே வைத்தபடியே இறுகிய கண்ணியை இரு கையின் பெருவிரல்களாலும் சுட்டுவிரல்களாலும் பிடித்து, அது எந்தத் திசையில் மடங்குமோ அந்தத் திசையிலே மெதுவாக மடக்கி விரியுங்கள். ஐம்பது முறை, நூறு முறை ஆயினும் பொறுமை வேண்டும். பக்கவாட்டிலே முறுக்குதல் ஆகாது. முறுக்கினால் ஆணி வளையும், காதுகள் விலகும். கரிய சாறு வருதல் நின்றதும் புதுநீரிலே இருமுறை அலசி, துவாயிலே ஒற்றி, காற்றிலே நன்றாக உலரவிடுங்கள். ஈரத்தோடு அணிதல் தகாது. புதிய பட்டிகளின் இறுக்கத்திலே பெரும்பகுதி இந்த ஒரு சிகிச்சையிலேயே தீர்ந்துவிடுகின்றது. மணிக்கூடு திருத்துவோரிடம் மிகையொலி அதிர்வினால் கழுவும் சிறு தொட்டி இன்று பெரும்பாலும் உண்டு. கையாலே எட்டாத இடுக்கையும் அது துப்புரவாக்கும்.

கழுவிய பின்னும் இறுக்கம் தொடருமாயின் பிசிறைச் சந்தேகிக்கலாம். தகட்டை வெட்டும்போதும் துளையிடும்போதும் விளிம்பிலே நுண்ணிய உலோக நார்கள் எழுந்து நிற்கும். அவை தேய்ந்து போகும் வரை கண்ணிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும். இங்கேதான் எண்ணெய்க்கு வேலை உண்டு. இங்கேதான் முன்னர் கூறிய ஒட்சைட்டுப் படலமும் கதையிலே வருகின்றது. உருக்கும் உருக்கும் நெருக்கமாக அழுத்தி உரசும்போது அப்படலம் கிழிகின்றது. இடுக்கினுள்ளே காற்றுப் போதாமையால் அது மீண்டும் உண்டாகத் தாமதமாகின்றது. மூடுதிரை நீங்கிய இரண்டு உலோக முகங்கள் அழுத்தத்தில் தொட்டுக்கொண்டால், அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள முற்படும். ஒட்டியதை இழுத்துப் பிரிக்கும்போது உலோகம் பிய்ந்து மேடு பள்ளமாகின்றது; அம்மேடுகள் இன்னும் பலமாகப் பற்றுகின்றன. கறையில்லா உருக்கிலே செய்த திருகாணிகள் சிலவேளை பாதிவழியிலே இறுகி, முன்னும் போகாமல் பின்னும் வராமல் நிற்பதும் இதனாலேதான். தைற்றேனியம் என்னும் இலேசான உலோகத்துக்கும் இக்குணம் உண்டு. எனவே விறைத்த கண்ணியை உலர்ந்தபடியே பலவந்தமாக மடக்கி மடக்கி இளகச் செய்ய முயல்வது, இருந்த நோயைப் பெரிதாக்குவதாகும்.

தையல் இயந்திரத்துக்கு இடும் மெல்லிய எண்ணெய் போதும். ஓர் ஊசிமுனையிலே ஒரு துளி எடுத்து, ஆணி செல்லும் இடுக்கிலே இரு பக்கத்திலும் தொட்டுவிடுங்கள். சில நிமிடம் பொறுத்து, முன்போலவே மெதுவாக மடக்கி விரியுங்கள். எண்ணெய் கருத்து வந்தால் துடைத்துவிட்டு மறுபடியும் ஒரு துளி. கண்ணி இளகியதும் அந்த எண்ணெயை அப்படியே விட்டுவிடலாகாது. நமது தெருப்புழுதியும் கடற்கரை மணலும் எண்ணெயிலே ஒட்டிக்கொண்டால், அது சாணைக்கல்லுக்கு இட்ட சேறுபோலாகி ஆணியைத் தினந்தினம் அராவிக்கொண்டிருக்கும். ஆகவே மீண்டும் சவர்க்கார நீரிலே கழுவி உலர்த்தியே அணிய வேண்டும்.

நம்மவர் முதலிலே கையிலெடுப்பது தேங்காய் எண்ணெயை. தலைக்கும் சமையலுக்கும் சிறந்த அவ்வெண்ணெய் இவ்வேலைக்கு உதவாது. நாட்பட்டால் அது காறிப் பிசினாகின்றது, குளிர்ந்தால் உறைகின்றது. நுவரெலியாவிலே வாழும் நேயர்களுக்கு இதனை நான் சொல்ல வேண்டியதில்லை. காலையிலே சீசாவுக்குள் வெண்மையாக உறைந்து நிற்பதை அவர்களே அறிவர். பித்தளைப் பாத்திரம் துலக்கும் புளியும் உப்பும் இங்கே கூடவே கூடா. உப்பும், துணி வெளுக்கும் குளோரீன் திரவமும் ஒட்சைட்டுப் படலத்தை ஊசிமுனை போன்ற இடங்களிலே துளைத்து உருக்கை அரிக்க வல்லவை. கடலிலே நீராடியவர்கள் பட்டியை நன்னீரால் அலச வேண்டும் என்பதும் இதனாலேதான். அரத்தையும் அரத்தாளையும் எடுப்போருக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. பட்டியின் முகம் கெட்டபின் அவர்களே உணர்வர்.

இனிக் கடையிலே கழற்றிப் பூட்டிய இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான பட்டிகளின் உட்புறத்திலே சிறு அம்புக்குறிகள் பொறித்திருப்பதைக் காணலாம். ஆணியை எந்தத் திசையிலே தள்ளிக் கழற்ற வேண்டுமோ அதனையே அம்பு காட்டுகின்றது. திரும்பப் பூட்டும்போது அம்புக்கு எதிர்த் திசையிலே, பிளவில்லாத முனை முன்னே செல்லும்படி செலுத்த வேண்டும். அவசரத்திலே இதனை மாற்றிச் செய்தால் விரிந்த முனை வழியிலுள்ள துளைகளை நெருக்கிக்கொண்டு சென்று, நிற்கக்கூடாத இடத்திலே நின்றுவிடும். சிலர் பட்டியைக் குறட்டிலே இறுக்கிப் பிடித்து ஆணியை அடிப்பர். கண்ணி தகட்டை மடித்துச் செய்த உள்ளீடற்ற கண்ணியாயின், குறட்டின் வாயிலே அது நசுங்கி, இரு காதுகளும் நடுக்கண்ணியை நெருக்கிக்கொள்ளும். அதற்குக் கழுவுதலும் எண்ணெயும் பயன்படா. மாணவர் சிலர் கணிதப் பெட்டியிலுள்ள கவராயத்தின் முனையால் ஆணியைக் குத்தி வெளியேற்றுவதைப் பாடசாலையிலே கண்டிருக்கிறேன். கவராயம் முனை மழுங்குவதோடு, ஆணியும் வளைந்து வெளியே வரும். அந்த வளைந்த ஆணியையே மீண்டும் செலுத்தினால் கண்ணி எங்ஙனம் மடங்கும்?

ஆணி வளைந்துள்ளதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. கண்ணாடித் துண்டொன்றிலே அதனை உருட்டிப் பாருங்கள். நேரான ஆணி சீராக உருளும். வளைந்த ஆணி தத்தித் தத்திச் செல்லும். வளைந்ததை நிமிர்த்த முயல வேண்டாம். புதிய ஆணியின் விலை அற்பமே. நீளமும் தடிப்பும் ஒத்ததாக இருத்தல் மட்டும் அவசியம். சில பட்டிகளிலே ஆணியோடு கூட, நடுக்கண்ணிக்குள்ளே மிகச் சிறிய குழலொன்றும் இருக்கும். அங்கே முறை மாறும்; நடுவிலுள்ள குழல் ஆணியைப் பிடித்துக்கொள்ள, ஓரங்களே திரும்பும். கழற்றும்போது அரிசிமணியிலும் சிறிய அக்குழல் உருண்டு தொலைந்து போனால் ஆணிக்குப் பிடியே இராது. விலையுயர்ந்த பட்டிகளிலே ஆணிக்குப் பதிலாகத் திருகாணி உண்டு. அது கழலாதிருக்க ஒரு வகைப் பசையைத் தடவுவர். பசை மிகுந்து இடுக்கிலே பரவினால் கண்ணி கல்லாகி நிற்கும். பசையைச் சூட்டினாலே இளக்க வேண்டியிருப்பதால், அதனைத் தொழிலறிந்தவரிடமே விட்டுவிடுங்கள்.

விரிந்து சுருங்கும் பட்டியைப் பற்றி ஒரு சொல். ஆணியும் காதும் இல்லாமல், உள்ளே ஒளித்து வைத்த சிறு வில்லுகளால் இயங்குவது அது. ஸ்பைடெல் என்னும் அமெரிக்க நிறுவனம் 1959 ஆம் ஆண்டிலே வெளியிட்ட 'ருவிஸ்ற்-ஓ-பிளெக்ஸ்' என்னும் பட்டியை முடிச்சுப் போட்டுக் காட்டியே விளம்பரம் செய்தனர். அவ்வகைப் பட்டி இறுகினால் கழுவிப் பார்க்கலாம். இன்று நான் சொன்ன மற்றவை எவையும் அதற்குப் பொருந்தா.

புதுமையின் விறைப்பு என்று முன்னர் கூறியதற்கு மருந்து அணிதலே. இரண்டு மூன்று கிழமைகள் நாள்தோறும் அணிந்தால் கையின் அசைவே அதனைப் பதப்படுத்தும். அதற்குப் பின்னும் ஒரு கண்ணி மட்டும் இணங்காது நின்றால், உத்தரவாதக் காலம் கழியுமுன் வாங்கிய கடைக்கே கொண்டு செல்லுங்கள். பட்டியை விரலிலே தொங்கவிட்டு, கூன் நிற்கும் கண்ணியைக் கடைக்காரருக்குக் காட்டுங்கள். அணிய அணியச் சரியாகிவிடும் என்பார். முன்னரே அணிந்து பார்த்த நாட்களை எண்ணிச் சொல்லுங்கள். குறடு பட்ட தழும்பும் அரம் பட்ட அடையாளமும் இல்லாத பட்டியாயின் உங்கள் வழக்கு வலிமையுடையது. நீங்களே கைவைத்துக் கெடுத்த பட்டியாயின் அவர் கேட்கப் போவதில்லை.

பட்டியைச் சுருக்கும்போது கழற்றிய கண்ணிகளையும் ஆணிகளையும் கடையிலே விட்டுவிட்டு வருவோரே நம்மில் அதிகம். அவற்றைக் கேட்டு வாங்கி, ஒரு சிறு உறையிலிட்டு, பற்றுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள். அவை அதே அச்சிலே வார்த்த கண்ணிகள். பட்டியிலே எதற்கும் இளகாத கண்ணி ஒன்று இருந்து, கடைக்காரரும் கைவிரித்துவிட்டால், உறையிலுள்ள கண்ணியொன்றை அதன் இடத்திலே மாற்றிப் பூட்டிவிடலாம். தொழிலறிந்தவருக்கு அது சில நிமிட வேலை.